வால்வு இருந்த இடத்தில் ஒரு போல்ட்

எங்கள் வீட்டில் என் கணவருக்கு இன்ஜினியர் என்று பெயர். வைத்தவள் என் தங்கை. பார்ப்பதென்னவோ துணிக்கடையில் கணக்கு வேலைதான்; ஆனால் வீட்டில் எது பழுதானாலும் ஸ்பேனரும் கையுமாக வந்து நிற்பார். பாதி நேரம் சரியாகியும் விடும், அதுதான் தொல்லையே.

நான் பின்னறையில் நாற்காலி, சோபாக்களுக்கு உறை மாற்றித் தருகிறேன். துணியை மரச்சட்டத்தில் அடிக்கக் காற்றில் இயங்கும் ஸ்டேப்லர். அதற்குக் காற்று தரும் கம்ப்ரசர் என் ஸ்டூலை ஒட்டியே இருக்கும். போன வாரம் அதன் மேலிருந்த சின்ன வால்வு உஸ்ஸென்று காற்றை விட ஆரம்பித்தது.

"லீக்கு. நான் பாத்துக்கிறேன்" என்றார். மறுநாள் அந்த உஸ் சத்தமே இல்லை. நானும் காதடைப்பானை மாட்டிக்கொண்டு வேலையில் மூழ்கிவிட்டேன்.

இன்று துணி வெட்டுவதற்காக ஸ்டேப்லரை வைத்துவிட்டுக் காதடைப்பானைக் கழற்றினேன். தொட்டி நிறைந்ததும் தானாக நிற்க வேண்டிய மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. சுவிட்சை அணைத்தேன். ஸ்டேப்லரை ஹோஸோடு இழுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய், காற்று தீரும்வரை ஒரு பழைய பலகையில் அடித்துத் தள்ளினேன். பிறகுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். வால்வு இருந்த இடத்தில் ஒரு போல்ட்.

மாலையில் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"மோட்டார தானா நிறுத்துற சுவிட்சு கெட்டுப்போயிருக்கு. அதனாலதான் மிஞ்சுன காத்த வெளிய விட்டு வால்வு கத்தியிருக்கு. நீங்க அது வாய அடைச்சிருக்கீங்க. தொட்டி வெடிச்சிருக்கும்."

"தொட்டி நல்ல கனமான இரும்பு. அதெல்லாம் தாங்கும். சும்மா பயந்து சாகாத."

தெரியாமல்தான் செய்துவிட்டார் என்று நம்ப எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"சரி, தாங்கட்டும். நான் சுவிட்ச போடுறேன். தொட்டி நிறையிற வரைக்கும் நீங்க என் ஸ்டூல்ல உக்காந்திருங்க."

"இதுக்கென்ன, உக்காந்தா போச்சு" என்று சிரித்தபடி ஸ்டூலைத் தூக்கினார். நான் கதவோரம் இருந்த சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு திரும்பினேன். ஸ்டூலை எனக்கும் பின்னால், வாசற்படிக்கு வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அங்க இல்ல. நான் உக்கார்ற இடத்துல."

எழுந்திருக்கவில்லை.

"எனக்கும் லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார் கடைசியில். "நாளைக்கே புது வால்வு வாங்கிப் போட்டுடறேன்."

போட்டுவிடுவார். அதிலெல்லாம் கெட்டிக்காரர். சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். கோபம்கூட வரவில்லை. அந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் என் பக்கத்தில் டீயை வைத்துவிட்டு, கம்ப்ரசரையும் தன் கையாலேயே போட்டுவிட்டு, கடைக்குக் கிளம்பிப் போயிருக்கிறார்.