ஆக்சிஜன் பற்றி ஒரு பக்கம்

1.

ஒளிப்பானேன்? பள்ளி ஆண்டு மலருக்குக் கேட்ட ஒரு பக்கக் கட்டுரைதான் இப்படிக் கெட்டுப்போய்க் கதையானது. ‘பூமியின் சூழலும் ஆதி உயிர்களும்’ என்று தலைப்பை அவர்களே கொடுத்தார்கள். எழுத உட்கார்ந்தவள் செஞ்சியில் விலங்கியல் டீச்சராக இருக்கும் கலைமதி. (கலைமதி நான்தான். ‘நான்’ என்று எழுதினால் கை ஓடமாட்டேன் என்கிறது. ‘அவள்’ என்றே இருக்கட்டும், விடுங்கள்.)

2.

முதல் தொடக்கம்: “ஆதியில் பூமியின் காற்றில் ஆக்சிஜன் இல்லை. அன்றைய நுண்ணுயிர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.”

பரவாயில்லை. இதுவரை யாரும் சாகவில்லை.

பிறகு கடலில் ஒரு கூட்டம் வெயிலை வைத்துச் சாப்பாடு செய்யக் கற்றது. ஆக்சிஜனைக் கழிவாக வெளியே விட்டது. அது கடலிலிருந்த இரும்பைத் துருவாக்கித் தீர்த்துவிட்டுக் காற்றில் ஏறியது. சுமார் இருநூற்று நாற்பது கோடி வருஷத்துக்கு முந்திய சமாச்சாரம். நம் கோட்டை மலைப் பாறைக்கும் கிட்டத்தட்ட அந்த வயசுதான் என்கிறார்கள். பழைய உயிர்களுக்கு அந்தக் காற்று விஷம். பல செத்தன. தப்பியவை காற்றுப் புகாத சேற்றில் போய் ஒளிந்தன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன: ஏரிச் சேற்றில், நம் குடலில், புழங்காத கிணற்றின்

(இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதினாள். இதற்குமேல் போகவில்லை.)

3.

வளவனுக்குக் கட்டுரையில் வேலையே இல்லை. அவளுடைய அண்ணன், சிங்கவரத்தில் குத்தகை நிலத்தில் வேர்க்கடலை போட்டவன். ஆறு மாதம் மூடிக் கிடந்த கிணற்றில் மோட்டாரைக் கழற்ற இறங்க வேண்டும். எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்குவார்கள். அணைந்தால் உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்.

“வெளக்கு எறக்கிப் பாத்துரலாமா மதி?”

“மண்ணெண்ணெய்க்கு எங்கண்ணா போறது? ஸ்கூலுக்கு டைம் ஆவுது. எம் போன்ல டார்ச்சு போட்டு எறக்கு, போதும்.”

டார்ச்சு அணையவில்லை. எப்படி அணையும்? அதற்குக் காற்று எதற்கு? நெருப்புக்கும் மூச்சுக்கும் ஆக்சிஜன் வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாய்ப் பாடம் நடத்துகிறவள், பாவி, பாம்பு கீம்பு இருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்தாள். “நல்லா தெரியுது, எறங்கு” என்றாள்.

பாதிக் கிணற்றில் அவன் கை கயிற்றை விட்டது.

4.

“வெளக்கு எறக்காம எறங்கினியே, உனுக்கு இன்னா அவ்ளோ அவசரம்!” என்று அண்ணி மஞ்சு பிணத்தை உலுக்கி உலுக்கிக் கேட்டாள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. திமிர் பிடித்தவனாம். நடந்தது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் பேசமாட்டான், இன்னொருத்தி பேசவில்லை.

5.

முடிவு ஒன்று: கலைமதி சொல்லிவிடுகிறாள், மஞ்சு செருப்பைக் கழற்றுகிறாள். (இந்த வரியை அடித்துவிட்டேன். ஆசைக்கு எழுதியது.)

முடிவு இரண்டு: கலைமதி அதே கிணற்றில்... (வேண்டாம்.)

நடந்தது இதுதான். கட்டுரை கிணற்றை விட்டுவிட்டு அச்சாகி வந்தது. வளவனின் மகள் அனு ஆண்டு மலரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அத்த, காத்து இல்லன்னா செத்துருவாங்கன்னு நைனாவுக்குத் தெரியாதா? நைனா முட்டாளா?”

கலைமதி அவள் தலையைத் தடவினாள்.

“முட்டாள்லாம் இல்ல கண்ணு. உங்க நைனா கொஞ்சம் அவசரக்காரரு.”

பொறுக்கவில்லையென்றால் முடிவை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். அனு நாலாவது படிக்கிறாள், எழுத்துக் கூட்டாமலே வாசிப்பாள். இதை அவளிடம் கொடுக்க எனக்குத் தைரியமில்லை.