மேசைக்கடியில் நாலு நிமிடம்

ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சினான். ஏழு வயது மகளை எழுப்பிப் பல் துலக்கிவிட்டான், குளிப்பாட்டினான். புதுச் சட்டையின் கழுத்து லேபிளைக் கத்தரித்தான், உறுத்தினால் கத்துவாள். வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டு அரை நாள் லீவு சொன்னான். மனைவி இறந்துபோன இந்த எட்டு மாதமாக எல்லா நாளும் இப்படித்தான் விடிந்தது. லீவு மட்டும் புதிது.

பத்து மணிக்குத் தத்துப் பிரிவு அதிகாரி வருகிறார். வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளை என்று தெரிந்தே, மூன்று வருடம் முன்பு இருவருமாய் குழந்தைகள் ஹோமிலிருந்து கொண்டுவந்தார்கள். தத்துக்கான கோர்ட் உத்தரவு வருவதற்குள் மனைவி போய்விட்டாள். ஒற்றை ஆளிடம் பிள்ளையை விட்டுவைக்கலாமா என்று பார்த்து எழுதத்தான் இந்த வருகை.

காட்டுவதற்கு ஒன்று இருந்தது. போன வாரத்திலிருந்து பூச்சி, அது மனைவி வைத்த செல்லப் பெயர், மூடியில்லாத டம்ளரில் சிந்தாமல் தண்ணீர் குடிக்கிறாள். மாமியார் அதற்காகக் கேக் வாங்கி வந்திருந்தார்.

"அத்தை, கை தட்டிடாதீங்க. அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது. கைய மேல தூக்கி ஆட்டுனா போதும்."

"எத்தன தடவ சொல்லுவீங்க மாப்பிள்ளை? நான் என்ன நேத்திக்கா வந்தேன்?"

அதிகாரி வந்து உட்கார்ந்தார். பூச்சி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். பாதி குடித்துவிட்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. படபடவென்று கை தட்டிவிட்டார்.

டம்ளர் பறந்தது. மீதித் தண்ணீர் அதிகாரியின் ஃபைலில். பூச்சி மேசைக்கடியில் புகுந்து, காதைப் பொத்திக்கொண்டு தலையைத் தரையில் மோதினாள். அவன் தவழ்ந்து உள்ளே போய்த் தலைக்கும் தரைக்கும் நடுவே உள்ளங்கையை வைத்தான்.

மாமியார் முகம் சுண்டிப்போயிற்று. "மேடம், எம் பொண்ணு கடைசியா இவர்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'பூச்சிய விட்டுடாதீங்க'ன்னா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவர் இந்தப் பாடு படறாரு."

அது அவன் சொன்ன பொய். சாவு வீட்டிலேயே 'திருப்பிக் கொடுத்துடு' என்று ஆரம்பித்த சொந்தக்காரர்களின் வாயை அடைக்க அவிழ்த்துவிட்டது.

அதிகாரி மேசைக்கடியில் குனிந்தார். "வாக்குக் குடுத்ததாலதான் வச்சிருக்கீங்களா? வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. யாரும் தப்பாப் பேச மாட்டாங்க."

அவன் உள்ளங்கையில் இடி மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. பூச்சி அவன் கையைத் தள்ளிவிட்டு, தானாகவே ஊர்ந்து வெளியே போனாள். உருண்டு கிடந்த டம்ளரை எடுத்து நீட்டினாள்.

அவன் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தான்.

"நாலு நிமிஷம். முன்னெல்லாம் ரெண்டு மணி நேரம் ஆகும். இத எழுதிக்குங்க மேடம்."

"நான் கேட்டதுக்கு?"

"எனக்கு வேணும்."

அதிகாரி ஈரத் தாளை ஒற்றி எடுத்து, 'இவரிடமே இருக்கலாம்' என்று எழுதி நீட்டினார். அவன் கையெழுத்துப் போட்டான்.

"எம் பொண்ணு வார்த்தைய காப்பாத்திட்டீங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார். அழுதுகொண்டே கேக்கை வெட்டினார்.

அவன் தலையாட்டினான். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு மனைவி உண்மையில் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"உங்களால தனியா முடியாதுங்க. பூச்சிய அங்கயே திருப்பிக் குடுத்துடுங்க."