மேலே வந்த பெயர்

தண்ணீரில் விழுந்தால் தவளை செத்துப்போகுமா? நீங்களே சொல்லுங்கள். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மழைக்காலத்தில் லயத்துச் சாக்கடையில் எத்தனை தவளை பார்த்திருப்பேன், ஒன்றாவது மூழ்கிச் செத்ததில்லை. ஆனால் ஈப்போவில் தாவூத் அண்ணன் கடையில் இருக்கிற வீடியோ கேமில், தவளை அத்தனை லாரிக்கும் தப்பி ரோட்டைக் கடந்து வந்து, ஆற்றில் கால் வைத்ததும் செத்துத் தொலைகிறது. இதைச் செய்தவன் தவளையைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டான். இந்தக் கூத்துக்கு டோக்கன் வேறு போட வேண்டும்.

எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் என் வீட்டுக்காரரால் வந்த வினை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஈப்போவுக்கு வந்தோம். எனக்குத் தையல் பேக்டரியில் வேலை. அவருக்கு லாரியில் கெலிண்டான் வேலை, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்ச் சாமான் ஏற்றி இறக்க வேண்டும். லாரி முதலாளித் தவுக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார். பழைய டிரைவர் வேலையை விட்டு நின்றுகொள்கிறார், திங்கட்கிழமை சாலைச் சட்டப் பரீட்சையில் பாஸாகி லைசென்ஸுக்கு வழி செய்தால் லாரி உனக்கு, இல்லையென்றால் புது டிரைவர் தன் ஆளையே கூட்டிக்கொண்டு வருவான் என்று. அந்த வேலை போனால் வாடகை அறையும் போகும். அப்புறம் மூட்டை கட்டிக்கொண்டு செமோரில் என் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். என் அண்ணி முகத்தில் தினமும் விழிப்பதற்கு நான் அந்த ஆற்றிலேயே தவளையோடு விழுந்துவிடலாம்.

இவ்வளவு இருக்கும்போது மனிதர் என்ன செய்ய வேண்டும்? சாலை விதிப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். அதுதான் இல்லை. வேலை முடிந்ததும் நேராகத் தாவூத் அண்ணன் சாப்பாட்டுக் கடைக்குப் போவார். பின்கட்டில் நாலு வீடியோ கேம் மிஷின் போட்டிருக்கிறார்கள். அங்கே நின்றால் நின்றதுதான். புத்தகம் எங்கள் வீட்டில் ரசப் பானைக்கு மூடியாகக் கிடந்தது.

கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. கடைசியில் ஒரு நாள், சோற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "அந்த எலி கேம்ல என் பேரு ஒரு தடவ மேல வரட்டும், ராக்காயி. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலவெச்சிக்கூடப் படுக்க மாட்டேன்லா."

சோற்றின் மேல் கை வைத்துச் சொன்னால் எங்களுக்கு அது சத்தியம். சரி, அதிகப் பாயிண்ட் எடுத்தவர் வரிசையில் அவர் பெயர் மேலே வர வேண்டும், அவ்வளவுதானே, நானே கொண்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். பேக்டரி மூன்று மணிக்கு விடும். அவர் லாரி திரும்ப ஆறாகும்.

முதல் நாள் நான் பின்கட்டுக்குள் போனதும் தாவூத் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லையே தங்கச்சி என்றார். நான் விளையாட வந்தேன் என்றேன். மனிதர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

எதில் என்ன இருக்கிறதென்று தெரிய வேண்டாமா? நாலையும் ஆடிப் பார்த்தேன். தவளையைப் பற்றித்தான் சொல்லிவிட்டேன். அடுத்தது ஆகாயத்தில் பூச்சி பூச்சியாக இறங்குவதைச் சுடுவது. எல்லாவற்றையும் சுட்டு முடித்தால் அதே பூச்சிகள் இன்னும் வேகமாக வருகின்றன. ஜெயித்ததற்குக் கூலி கூடுதல் வேலை என்றால், அதைத் தோட்டத்துத் துரையே எங்களுக்குச் சும்மா கொடுத்தானே. மூன்றாவது கார் ஓட்டுவது. ஸ்டீரிங் இருக்கிறது, மிதிக்க ஒன்று இருக்கிறது, பிரேக் இல்லை. லைசென்ஸ் எடுக்கப் போகிறவர் அதையாவது தொட்டாரா என்றால், அதில் ஆள் நிற்பதே இல்லை.

நாலாவதுதான் என் குடியைக் கெடுக்க வந்த எலி. சந்து சந்தாக இருக்கிற வீட்டில் எலி நெல்மணியைத் தின்றுகொண்டே போக வேண்டும், பூனைகள் துரத்தும். நடுவில் ஒரு கருவாட்டுத் துண்டு வரும். எல்லோரும் அதன் பின்னால் ஓடித்தான் சாகிறார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் ஓடுவார், எனக்குத் தெரியும். வாழ்க்கையிலும் அவர் அப்படித்தான். நான் கருவாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டும்போது நிரை பிடித்துப் போவோம், ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் அடுத்த வரிசை. அதே மாதிரி ஒரு சந்தை முடித்து அடுத்த சந்துக்குப் போனேன். முதலில் கை பழகாமல் பூனை பிடித்தது. அந்த வாரம் முழுக்க விட்டுவிடாமல் போனேன். துணி தைத்த கை, போகப் போகப் பழகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் என் எலி எல்லோரையும் தாண்டியது. பெயர் போடச் சொல்லி மிஷின் மூன்று கட்டத்தைக் காட்டியது.

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பெயர் என் வாயில் வந்ததில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்த்துவிட்டார்கள். கிளினிக்கில் கேட்டால்கூட அவருடைய அடையாள அட்டையை, அந்த ஐசியைத்தான் எடுத்து நீட்டுவேன். அந்த ஐசியில் பார்த்துப் பழகிய முதல் மூன்று எழுத்தை, குச்சியைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். கையால் போட்டால் வாயால் சொன்னதாகாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவர் பெயர் எல்லோருக்கும் மேலே வந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முன்னால் வந்து டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு வந்தவர் என்னைக் கவனிக்காமல் பின்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். எலி மிஷினைப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியத்தையே காணோம்.

"தாவூத் அண்ணே, நேத்து பிளக்க புடுங்க மறந்துட்டீங்களா? என் பேரு அழியாம இருக்கே."

தாவூத் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தெனமும் புடுங்கத்தான் செய்யிறேன், தம்பி. நேத்து நீங்க எடுத்தது போயிருச்சி. முந்தாநாத்து எடுத்ததும் போயிருச்சி. இது உங்க வீட்டம்மா எடுத்தது."

 நேற்றும் மேலே வந்திருக்கிறது, முந்தாநாளும் வந்திருக்கிறது. இங்கே நான் ஒருத்தி வேலை மெனக்கெட்டுப் பூனைக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அவர் திரும்பினார், என்னைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "காலையில அழிஞ்சி போயிருதுலா. அது எப்படி வந்ததாகும்?" என்று முனகிவிட்டு, கையில் இருந்த டோக்கனை மிஷினில் போட்டார். போட்டே விட்டார்.

"ஜெயபாலன்," என்றேன். "போதும். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

கத்தவில்லை. ஆனால் கடை முழுக்கக் கேட்டது. முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோட்டத்து ஆட்கள் கை சோற்றில் இருக்க என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காது வரை சிவந்துபோய்க் குச்சியை விட்டார். எலியைப் பூனை பிடித்தது.

பாதித் தெரு தாண்டினோம். அப்புறம் அவர்தான் வாயைத் திறந்தார். "அத்தன பேரு முன்னாடி பேரச் சொல்லிட்டியே."

"மிஷின்ல உள்ளது அழிஞ்சிருதுன்னு சொன்னீங்கள்ல," என்றேன். "நான் சொன்னத எந்தப் பிளக்கப் புடுங்கி அழிப்பீங்க?"

 வீட்டுக்கு வந்ததும் அவர் ரசப் பானையின் மேலிருந்த புத்தகத்தை எடுத்தார். சட்டைத் துணியாலேயே துடைத்துவிட்டு, விளக்கடியில் போய் உட்கார்ந்தார். நான் பானைக்கு ஒரு தட்டைத் தேடி மூடினேன்.