கோணலாக வைத்த டிரம்ஸ்

ஓட்டை சைலன்சர் என்ற பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவனுக்குச் சித்தப்பா என்று பெயர். அவன் யாருக்கும் சித்தப்பா இல்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே மீசை முளைத்துவிட்டது, அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். கடைசியில் வாத்தியார்களே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் தூங்குமூஞ்சி. நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். சுருக்கி மூஞ்சி என்றார்கள். பள்ளிக்கூடத்தில் அது வெறும் சோம்பேறித்தனம். பின்னால் அதே பட்டப்பெயர் அவன் ஒளிந்துகொள்ள வசதியாகப் போயிற்று. நான் சொல்ல வந்தது அந்தக் கதையைத்தான்.

குழுவில் மொத்தம் நாலு பேர். பாடுகிற குருவி பகலில் மருந்துக்கடையில் நின்றாள். கிதார் வாசிக்கிற நெட்டையின் அப்பாவுக்குக் கார் பழுது பார்க்கும் ஷெட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு விடுமுறை என்பதால், ஆயில் வாசனைக்கு நடுவே ஒத்திகை. குழுவின் பெயரும் அங்கே கிடந்த பழைய சாமான் ஒன்றிலிருந்து வந்ததுதான். சித்தப்பா டெலிவரி வேன் ஓட்டினான். மூஞ்சி கூரியர் ஆபீசில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்தான், குழுவில் பாஸ் கிதார் வாசித்தான்.

அவர்கள் வாசித்தது பாப் பங்க். கிதாரில் மூன்றே சுரக்கூட்டு, இரண்டரை நிமிஷம், ஓட்டமாக ஓடுகிற டிரம்ஸ், எல்லோரும் சேர்ந்து கத்துவதற்கு ஒரு வரி. பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனால் டிரம்ஸும் பாஸும் ஒட்டிக்கொண்டே ஓட வேண்டும். டிரம்ஸ்காரனின் வலது கால் பெரிய டிரம்மை அடிக்கிற பெடலை மிதிக்கும் அதே நொடியில் பாஸ்காரனின் விரல் தந்தியில் விழ வேண்டும். அது நழுவினால் பாட்டு நொண்டும்.

எட்டு வருஷம் மூஞ்சி சித்தப்பாவுக்கு இடது பக்கம், சிம்பல் என்கிற பெரிய வெண்கலத் தட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றான். காதுக்குப் பஞ்சு வைப்பதெல்லாம் கிழவர்கள் வேலை என்று நால்வருமே சிரித்த காலம் அது. மூன்றாவது வருஷம் அவன் காதில் ஒரு விசில் சத்தம் வந்து உட்கார்ந்தது. பிறகு அது போகவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு மணி கேட்காமல் போயிற்று, போன் கேட்காமல் போயிற்று. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவன் அம்மா தையல் ஆலையில் இருநூறு மெஷினுக்கு நடுவே மேற்பார்வை பார்ப்பவள். வீட்டுக்கு வந்தாலும் அதே குரலில்தான் பேசுவாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே கேட்கும்போது பெற்ற பிள்ளைக்குக் கேட்காதா?

குழுவிலும் யாருக்கும் தெரியாது என்றுதான் மூஞ்சி நினைத்தான். பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழகிவிட்டான். மேடையில் சித்தப்பாவின் வலது காலைப் பார்ப்பான். முட்டி எழும், பாதம் இறங்கும், இவன் விரலும் இறங்கும். காது செய்த வேலையைக் கண் செய்தது. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்தது. ஒருநாள் இடது காலில் கறுப்பு ஷூ, வலது காலில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தான்.

"என்னடா இது, இருட்டுல போட்டுட்டு வந்தியா?" என்றாள் குருவி.

"ஸ்டைல். உனக்கெல்லாம் புரியாது."

அதோடு டிரம்ஸையும் கோணலாகப் போட ஆரம்பித்தான். மற்ற குழுக்களில் டிரம்ஸ் கூட்டத்தை நேராகப் பார்க்கும். இவன் மொத்த செட்டையும் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, கூட்டத்துக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான். மைக் வைக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் இதே சண்டை. போட்டோக்களில் அவன் முகமே விழாது. அவனோ கேட்டால்தானே.

பிறகு குருவி தன் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வந்து 'வீட்டுக்கு வரமாட்டேன்' பாட்டை எழுதினாள். இரண்டு நிமிஷம் பத்து நொடி. இணையத்தில் போட்ட மூன்றாவது வாரம் பள்ளிக்கூட வேன்களில் எல்லாம் அதுதான் ஓடியது. கல்லூரி அரங்கங்கள் போய் விளையாட்டு மைதானங்கள் வந்தன. சித்தப்பாவின் டெலிவரி வேனில், டிரம்ஸுக்கு மேல் நெட்டை, நெட்டைக்கு மேல் பைகள் என்று அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஒரு மைதானத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் வலது காலில் மட்டும் வெள்ளை ஷூ போட்டு வந்திருந்தார்கள். அன்றைக்கு அந்த நால்வரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதைக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். வண்டி நிறுத்தத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மூஞ்சியைத்தான் சித்தப்பா அதிக நேரம் பிடித்திருந்தான்.

பாட்டுக் கம்பெனி வந்தது. முழு ஆல்பம், பெரிய ஸ்டூடியோ. அங்கே டிரம்ஸுக்குத் தனிக் கண்ணாடி அறை. கண்ணாடி இடுப்புக்கு மேல்தான். அதற்குக் கீழே மரத்தடுப்பு. நால்வரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள், ஆனால் மூஞ்சிக்குக் கால் தெரியவில்லை.

முதல் நாளே பாட்டு நொண்டியது. இரண்டாம் நாளும் நொண்டியது. பதிவுக்காரர் நல்ல மனிதர், ஆனால் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது.

"டிரம்ஸும் பாஸும் சேரல. ரெண்டுல ஒருத்தர் நழுவுறீங்க. காதுல தாளத்தைப் போட்டு விடறேன், யாருன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

மூஞ்சி குனிந்து தந்தியைச் சரிபண்ணுவதுபோல் நடித்தான்.

"அதெல்லாம் வேணாம் சார்," என்றான் சித்தப்பா. "காதுல டிக் டிக்னு அடிச்சா எனக்கு வாசிக்கவே வராது. நழுவுறது நான்தான். கை வலி. நாளைக்குச் சரியாயிடும்."

நாளைக்கும் சரியாகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தாளத்தைக் காதில் போட்டுக்கொள்ள அவன் கடைசி வரை சம்மதிக்கவும் இல்லை. கம்பெனிக்காரர் மற்ற மூவரையும் தனியாகக் கூப்பிட்டு, டிரம்ஸுக்கு வேறு ஆளைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆல்பம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

குழுவில் ஆரம்பத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. எதுவானாலும் ஷெட்டில் வட்டமாக நின்று கை தூக்குவார்கள். சம்பந்தப்பட்டவனும் அங்கேயே நிற்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் எதுவும் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே நின்றார்கள். சித்தப்பாவை மாற்றலாம் என்பவர்கள் கை தூக்க வேண்டும். நெட்டை தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினான். குருவி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "நான் மாட்டேன்" என்றாள். மிச்சம் மூஞ்சி.

சித்தப்பா நழுவவில்லை என்பது மூஞ்சிக்கு நன்றாகத் தெரியும். அவனைக் காப்பாற்றினால் அப்போது நழுவுவது யார் என்ற கேள்வி அடுத்த நிமிஷமே வரும். காது போன பாஸ்காரனை எவன் வைத்துக்கொள்வான்? திரும்பவும் பார்சல் பிரிக்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்து நட்பு ஒரு பக்கம், தன் இடம் ஒரு பக்கம். அவன் தன் இடத்தைப் பார்த்துக்கொண்டான். கையை மெதுவாகத்தான் தூக்கினான், ஆனால் முழுசாகத் தூக்கினான்.

சித்தப்பா குச்சிகளை எடுத்துக்கொண்டான், வேன் சாவியை எடுத்துக்கொண்டான், போய்விட்டான்.

புது டிரம்ஸ்காரர் சம்பளத்துக்கு வந்த கைதேர்ந்த ஆள். தாளத்தைக் காதில் போட்டுக்கொண்டு கடிகாரம் மாதிரி வாசிப்பார். ஆல்பத்தில் பாஸைப் பதிவுக்காரரே கம்ப்யூட்டரில் நகர்த்தி ஒட்டவைத்தார். ஆனால் மேடையில் எந்தக் கம்ப்யூட்டர் வந்து நகர்த்தும்? முதல் பெரிய நிகழ்ச்சி ஒரு மைதானத்தில், சாயங்காலம் நாலு மணி வெயிலில். 'வீட்டுக்கு வரமாட்டேன்' ஆரம்பித்தது. மூஞ்சி பழக்க தோஷத்தில் இடுப்புக்குக் கீழே பார்த்தான். டிரம்ஸ் நேராக இருந்தது, பெரிய டிரம் காலை மறைத்திருந்தது. பாட்டு அவனை விட்டுவிட்டு ஓடியது. குருவி பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு பெண் கத்துவதை நிறுத்திவிட்டு அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நிகழ்ச்சிகள் அப்படிப் போயின. ஐந்தாவதை ஏற்பாட்டாளரே ரத்து செய்தார். ஆல்பம் விற்கவில்லை. கம்பெனி போனை எடுக்கவில்லை. ஓட்டை சைலன்சர் ஒரு புதன்கிழமை மத்தியானம், கை தூக்கக்கூட ஆளில்லாமல் கலைந்தது.

ஷெட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் நெட்டையின் அப்பா. குருவி வரவில்லை. நெட்டை வேலைக்குப் போயிருந்தான். மூஞ்சி தனியாகச் சாமான்களை ஒழித்தான். மூலையில் டிரம்ஸுக்கு அடியில் விரிக்கிற பழைய கம்பளம் சுருட்டி நின்றது. டிரம்ஸ் நழுவாமல் இருக்க அதன் மேல்தான் எல்லாவற்றையும் வைப்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் அதே இடத்தில் வைக்க வேண்டுமே என்று, கால்கள் வரும் இடங்களில் டேப் ஒட்டியிருக்கும். புது டிரம்ஸ்காரர் சொந்தக் கம்பளம் கொண்டுவந்துவிட்டதால் இதை யாரும் விரிக்கவில்லை.

தூசு தட்டலாம் என்று விரித்தான். சிம்பலுக்கு ஒரு டேப், ஸ்டூலுக்கு மூன்று, பெடலுக்கு ஒன்று. பெடல் டேப்பிலிருந்து கம்பளத்தின் இடது ஓரம் வரை நூல் பிடித்ததுபோல நேராக ஒரு வெள்ளை டேப் ஓடியது. அது முடிகிற இடத்தில், மேடையில் எப்போதும் மூஞ்சியின் ஸ்பீக்கர் பெட்டி மறைத்திருக்கும் ஓரத்தில், சித்தப்பாவின் கோணல் கையெழுத்தில் மார்க்கரால் எழுதியிருந்தது: 'மூஞ்சி இங்க நிப்பான். கால் தெரியணும். நடுவுல எதையும் வைக்காதே.'

மூஞ்சி கம்பளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான். வெள்ளை ஷூ, கோணல் டிரம்ஸ், போட்டோவில் விழாத முகம், கை வலி, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவன் முன்னால் நின்றன. சித்தப்பா எப்போதும் இவன் முகத்துக்கு நேரே நின்றுதான் பேசுவான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மூஞ்சி வாய்விட்டு அழுதான். எவ்வளவு சத்தமாக அழுதான் என்பது அவனுக்கே தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

சித்தப்பா இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். மறுநாள் காலை மூஞ்சி அந்தப் பயிற்சிப் பள்ளிக்குப் போனபோது, கார் வாசலில் நின்றது. சித்தப்பா வாத்தியார் சீட்டில் இருந்தான். அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல். இரண்டு காலிலும் ஒரே மாதிரி செருப்பு. மூஞ்சி கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தான்.

சித்தப்பா ஆச்சரியப்படவில்லை. உடம்பை முழுசாகத் திருப்பி அவனைப் பார்த்தான்.

"கம்பளத்தைப் பார்த்தேன்" என்றான் மூஞ்சி. "எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணாவது வருஷம். உன் பின்னாடி குச்சி விழுந்துச்சு, நீ திரும்பல."

"ஏன்டா கேக்கல?"

"என் சிம்பல்தானே உன் காதை எடுத்துச்சு. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது? நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

"மன்னிச்சிடு சித்தப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்போம். முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்டா. எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன்."

சித்தப்பா ஒவ்வொரு வார்த்தையையும் மூஞ்சி பார்க்கும்படி நிதானமாகச் சொன்னான்.

"அன்னைக்கு ஷெட்ல உன் கையைத்தான் பார்த்துட்டு இருந்தேன். அது மேல எழுந்தப்ப, காதைத் தொட்டுக் காட்டப் போறான், இப்பவாவது சொல்லப் போறான்னு நினைச்சேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அது காதைத் தாண்டி மேல போயிடுச்சுடா."

வாசலில் அடுத்த மாணவி உரிமச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா அவளைப் பார்த்துத் தலையாட்டினான். மூஞ்சி இறங்கினான், அவள் ஏறிக்கொண்டாள்.

கார் நகருவதற்கு முன் சித்தப்பா ஏதோ சொன்னான். அவளிடம் இல்லை, மூஞ்சியிடம்தான், ஏனென்றால் அவள் திரும்பி வெளியே மூஞ்சியைப் பார்த்தாள். ஆனால் சித்தப்பா முகத்தைத் திருப்பவில்லை. நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கன்னம் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது, உதடு தெரியவில்லை. கார் போய் வெகுநேரம் வரை மூஞ்சி அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.