கடலைக்காட்டு பேனர்

சாணார்பட்டிப் பக்கம் டீசல் எஞ்சின் மக்கர் பண்ணினால் சுருளிவேலைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மகள் அறிவுச்செல்வி விமானம் ஓட்டப் படிப்பது ஊருக்கே தெரியும். தெரியாதவர்களை அவர் விட்டுவைத்தால்தானே! ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தன்னந்தனியாக ஊருக்கு மேலே பறந்து போவாள் என்று போன் வந்ததிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

போனில் அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "எஞ்சின் சுத்தமா நின்னுட்டா எறங்கித்தான் ஆகணும்னு தெரிஞ்சிரும்ப்பா. அரைகுறையா ஓடுனாத்தான் ஆபத்து. இன்னும் கொஞ்சத் தூரம் போயிரலாம்னு ஆசை காட்டும். அதான் வழியெல்லாம் எறங்குறதுக்கு ஒரு எடத்தை மனசுல வச்சுக்கிட்டே போகணும். நம்மூருக்கு நம்ம கடலைக்காட்டத்தான் வச்சிருக்கேன். கடலை பறிச்சு வெறுங்காடாத்தான கெடக்கு?"

சுருளிவேல் காதில் ஏறியது 'நம்ம கடலைக்காடு' மட்டும்தான். பிள்ளை அதைத்தான் பார்க்கப்போகிறாள் என்றால் வேறெங்கே போய் நிற்பது? சனிக்கிழமையே காட்டின் நட்டநடுவில் நான்கு மூங்கில்களை ஊன்றினார். இரண்டடி ஆழம் தோண்டி, கல் வைத்து இறுக்கி, மகளின் படம் போட்ட இருபதடி பேனரைக் கட்டினார். மறுநாள் மன்சூரின் மைக்செட்டும் வந்து இறங்கியது. ஊர்ச்சனம் இருநூறு பேர் காட்டை நிறைத்து நின்றார்கள்.

பத்தேகாலுக்கு மேற்கே திண்டுக்கல் பக்கம் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி விமானமானது. பார்க்கப் பார்க்கத் தாழ்ந்துகொண்டே வந்தது. "அப்பனுக்கு வணக்கம் வைக்க எறங்கி வருதுய்யா புள்ள!" என்று யாரோ கத்த, விசில் பறந்தது. சுருளிவேல் மனைவி புவனேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கும் அழுகை முட்டியது. எல்லாம் மைக்செட்டில் அலறிய பாட்டு முடியும்வரைதான்.

மன்சூர் அடுத்த பாட்டுக்கு மாற்றும் அந்த இடைவெளியில் சத்தம் அவர் காதில் விழுந்தது. விட்டு விட்டு, இருமி இருமி ஓடியது எஞ்சின். இருபத்தைந்து வருடக் காது அது, ஏமாறாது.

"மிஸ்ஸிங் அடிக்குது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மகள் பார்க்க வரவில்லை, இறங்க வருகிறாள். இறங்கும் இடத்தில் ஊரையே கூட்டி நிறுத்தியிருக்கிறான் பாவி அப்பன்.

மைக்கைப் பிடுங்கினார். "ஓடுங்க! காட்ட விட்டு ஓடுங்க! எஞ்சின் சரியில்ல, புள்ள எறங்கணும்!" குரல் கிறீச்சிட்டதில் பாதி புரியவில்லை. சந்தோஷத்தில் உளறுகிறார் என்று சிரித்தார்கள். சிலர் ஓடினார்கள்தான், ஆனால் செல்போனைத் தூக்கிக்கொண்டு பேனருக்கு அடியில். சுருளிவேல் மூங்கிலைக் கட்டிப்பிடித்து அசைத்தார். அசையவில்லை. அவர் கையால் இறுக்கியது எப்படி அசையும்?

தலைக்கு மேலே எஞ்சின் ஒருமுறை உறுமப் பார்த்து மறுபடியும் இருமியது. ஓடாமல் கிடந்த எத்தனை எஞ்சினைப் பேசவைத்த கை! இப்போது வெறுங்கையை வானத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டு நின்றார். கீழே நின்றவர்களும் அப்படித்தான் ஆட்டினார்கள்.

விமானம் இறங்கவில்லை. பேனரை உரசுகிற மாதிரி கடந்து, தென்னந்தோப்புக்கு மேலே தட்டுத்தடுமாறிப் போனது. இருமல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அப்புறம்தான் விசிலும் நின்றது.

தோப்புக்கு அந்தப் பக்கம், வற்றிய குளத்தில், கருவேல மரங்களுக்குள் மூக்கைச் செருகிக் கிடந்தது விமானம். மூச்சு வாங்க ஓடிப்போய்ப் பார்த்தால் கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அறிவுச்செல்வி. நெற்றியில் ரத்தம். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. உயிர் இருந்தது. புவனேஸ்வரி அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஆம்புலன்ஸ் குளத்துக்குள்ள வராது. ரோடு வரைக்கும் தூக்கிட்டுத்தான் போகணும்" என்றார் மன்சூர். "பேனரக் கொண்டாங்கப்பா!"

பத்துப் பேர் சேர்ந்து பிடுங்கியதில் மூங்கில் நொடியில் வந்துவிட்டது. பேனரை இரண்டு மூங்கிலில் சுற்றி அதன்மேல் அவளைக் கிடத்தினார்கள். அச்சில் சிரித்துக்கொண்டிருந்த முகத்தின் மேலேயே அவள் தலை இருந்தது. சுருளிவேல் தலைமாட்டில் ஒரு மூங்கிலைத் தோளில் வாங்கிக்கொண்டார்.

நாலு எட்டு வைத்ததும் அவள் கண்ணைத் திறந்தாள்.

"கடலைக்காட்டுக்குத்தான்ப்பா வந்தேன்" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "நீங்க எல்லாரும் நின்னீங்க."

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ரோடு வரும்வரை மூங்கிலை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.