ஈர மஞ்சளுக்குக் கரையாத கறுப்பு

கடைசி மூலையில் மஞ்சள் தடவியபோதுதான் அது நடந்தது. கல்யாணப் பத்திரிகையின் வலது கீழ் ஓரத்தில் இருந்த ‘சாம்பசிவன்’ என்ற பெயர் நீலமும் கறுப்புமாகப் பரவி, மஞ்சளோடு சேர்ந்து பச்சைக் குழம்பாகிவிட்டது.

“பொண்ணுக்குக் கல்யாணம் ஆறதுக்கு முன்னாலயே என்னைக் கரைச்சுட்டயேடி!” என்றார் அந்தப் பெயருக்கு உரியவர்.

விஜயலக்ஷ்மிக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் ஆஷாவின் கல்யாண மண்டபம் மாறியதால் ஏற்கெனவே அடித்த பத்திரிகைகள் வீணாகிவிட்டன. மறுபடி அடிக்க அச்சகத்தில் ஒரு வாரம் கேட்டார்கள். “அவ்வளவு நாள் எதுக்கு? எங்காத்து பிரிண்டர்லயே அடிச்சுத் தரேன்” என்று சம்பந்தி மாமியிடம் வாக்குக் கொடுத்தவள் அவள்தான். மாமி நாலு மணிக்கு வந்து நாற்பது பத்திரிகைகளை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே தஞ்சாவூருக்கு ரயில் ஏறுகிறாள். இப்போது மணி பதினொன்று. ஊரெங்கும் ஹர்த்தால்; ரயிலைத் தவிர எதுவும் ஓடவில்லை. வலியசாலையில் ஒரு கடையின் ஷட்டர்கூடத் திறக்கவில்லை.

“பேசாம மஞ்சப்பொடியை அப்படியே தொட்டு வெச்சுடேன்,” என்றார் சாம்பசிவன்.

“நாம வெச்சுடலாம். அங்க ஒவ்வொரு ஆத்துக்கும் கொடுக்கறச்சே அவா ஈர மஞ்சள்தானே தடவுவா? நாப்பது ஆத்துலயும் உங்க பேர் கரையணுமாக்கும்?”

தவறு எங்கே என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கறுப்பு மை இரண்டு வகை. சாய மையில், தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல நிறம் முழுக்கக் கரைந்திருக்கும். அது தாளுக்குள் ஊறும். மறுபடி ஈரம் பட்டால் மறுபடி கரையும். நிறமி மையில் நிறம் கரைவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்களாக மிதக்கும். தண்ணீர் காய்ந்ததும் அந்தத் துகள்கள் தாளைப் பற்றிக்கொள்ளும். அவளுடைய கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது இருந்தது நிறமி மை. போன மாதம் தீர்ந்தபோது, ‘எல்லா பிரிண்டருக்கும் சேரும்’ என்று எழுதியிருந்த பாட்டிலை வாங்கி ஊசியால் நிரப்பினாள். அது சாய மை. கரண்ட் பில்லை அடித்து ஃபைலில் வைத்தவரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த வீட்டு மலையாளிப் பெண் ரெனி டியூஷன் நடத்துகிறவள். கேள்வித்தாள் அடிக்க மைத் தொட்டி வைத்த பிரிண்டர் ஒன்று வைத்திருந்தாள். பிரிண்டர் ரிப்பேர் கடையில் மாட்டிக்கொண்டிருந்தது. மை பாட்டில் வீட்டில்தான் இருந்தது.

“பாதிக்கு மேல உண்டு மாமீ, எடுத்தோங்கோ. பக்ஷே, என் பிரிண்டர் வேற மாடல் அல்லே?”

“உன்னோடது மையைச் சூடாக்கித் துப்பறதா, அழுத்தித் துப்பறதா?”

“அய்யோ, அது எனக்கு எங்ஙனெ அறியும்? துப்பும், அத்ரதன்னே!”

விஜயலக்ஷ்மி பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய பிரிண்டரைச் செய்த அதே கம்பெனி. இரண்டுமே சூடாக்கும் வகை. வகை மாற்றி ஊற்றினால்தான் நுண்ணிய துளைகள் தாங்காது. அப்படியும் அவள் சும்மா நம்பிவிடவில்லை. பத்திரிகை அடிக்கும் மஞ்சள் அட்டையில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டு, ஈர விரலால் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு நகரவில்லை.

“அப்போ மேலயே ஊத்திடேன்,” என்றார் சாம்பசிவன்.

“ஊத்தினா ரெண்டும் சேர்ந்து திரிஞ்ச பாலாயிடும். துளையெல்லாம் அடைச்சுக்கும். முதல்ல கழுவணும்.”

குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும் என்று இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தநீரை எடுத்தாள். கார்ட்ரிட்ஜின் மேலே இருந்த ஸ்டிக்கரைப் பிரித்து, ஊசியால் பழைய மையை உறிஞ்சினாள். நீரைச் செலுத்தினாள், திரும்ப உறிஞ்சினாள். உள்ளே இருக்கும் பஞ்சு, கறை பிடித்த சட்டையைப்போல லேசில் விடாது. ஒன்பதாம் தடவைதான் நீர் தெளிந்து வந்தது. மிச்ச ஈரத்தையும் இழுத்துவிட்டு, காற்றுக்குமிழ் சேராதபடி ஆறு மில்லி மையை மெல்ல மெல்ல இறக்கினாள்.

முதல் தாளில் பாதி எழுத்து வெளிறியும், பாதி கோடு கோடாகவும் வந்தது.

“போச்சு,” என்றார் சாம்பசிவன். “நான் சம்பந்திக்கு போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?”

“போனைக் கீழ வையுங்கோன்னா. பஞ்சுல இருந்த தண்ணி இன்னும் போகலை, அவ்வளவுதான்.”

நனைத்த டிஷ்யூ தாளை மடித்து, கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கத்தை அதில் ஒற்றினாள். பாதிக் கோடு விழுந்தது. மறுபடி ஒற்றினாள். அறுபடாத முழுக் கறுப்புக் கோடு. மூன்றாம் பத்திரிகை கண்மைபோல வந்தது. மை இல்லை என்று பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக் கத்தியது.

“காலின்னு சொல்றதேடி!”

“சொல்லட்டும். அதுக்கு மையைப் பார்க்கத் தெரியாது. எத்தனை துளி விட்டோம்னு எண்ணத்தான் தெரியும்.”

வண்டி கிடைக்காமல், சம்பந்தி மாமி கரமனையிலிருந்து நடந்தே மூன்றரைக்கு வந்து சேர்ந்தாள். முப்பத்தொன்று முடிந்திருந்தது. மோர் குடித்தவள், முதலில் அடித்து உலர்ந்திருந்த பத்திரிகையை எடுத்து மஞ்சள் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். மஞ்சள் தண்ணீராக ஓடியது. சாம்பசிவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மாமி மூன்று மூலைகளில் வைத்துவிட்டு, நாலாவதில் அவர் பெயர்மேலேயே தாராளமாகத் தடவினாள்.

மஞ்சள் ஓடியது. எழுத்து அப்படியே நின்றது.

“நன்னாத்தான் வந்திருக்கு,” என்றாள் மாமி. “மாயவரத்துலயும் நம்மவா இருக்கா. இன்னும் ஒரு பதினஞ்சு சேர்த்து அடிக்க முடியுமோ? சிரமமா இருந்தா வேண்டாம்.”

விஜயலக்ஷ்மி அடுத்த கட்டு அட்டையைத் தட்டி நேராக்கிப் பிரிண்டரில் வைத்தாள்.

“இருநூறு வரைக்கும் மை தாங்கும் மாமி. யார் யாருன்னு நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கோ.”