பிரித்த கூடை

நீல்டா கத்தரிக்கோலைத் தேடவில்லை. பல்லால் ரிப்பனைக் கடித்து அறுத்து, கூடையைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாளை இரண்டு கையாலும் கிழித்தாள். கட்டிலில் படுத்திருந்த ரோசியோ துள்ளி எழுந்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? அதைப் பிரிச்சிட்டா அப்புறம் அது கூடையே இல்ல."

"அதுக்குத்தான் பிரிக்கிறேன்."

இருவரும் கடலோர ஊரான வீருவில் அஸ்பராகஸ் தண்டுகளை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் ஆலை ஆளுக்கொரு கிறிஸ்துமஸ் கூடை கொடுக்கும். நீல்டா தன்னுடையதை அப்படியே மலைக்கு, தாத்தா பாட்டிக்கு அனுப்பிவிடுவாள். ஆகஸ்டில் ஊர்த் திருவிழாவுக்குப் போனபோதுதான் தெரிந்தது. அப்பாவுக்கு ஞானத்தகப்பனாக நின்ற தியோதோமிரோவின் வீட்டில், அலமாரியின் மேல், அவள் அனுப்பிய கூடை இருந்தது. ரிப்பன்கூட அவிழவில்லை. "உன் தாத்தா குடுத்தாரும்மா. கோயிலுக்கு வர்ற புதுப் பங்குச் சாமியாருக்குன்னு வச்சிருக்கேன்" என்றார் அவர் பெருமையாக. அதற்கு முந்தைய வருஷத்துக் கூடை பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போயிருந்தது.

தாத்தா பொர்த்துனாத்தோவின் கால்சட்டை அன்று இடுப்பில் இறுக்கிக் கட்டிய கயிற்றில்தான் நின்றது. சுகாதார நிலையத்து நர்ஸ் அவளைத் தனியே கூப்பிட்டு, "வயசானா இளைப்பாங்கதான். இது சாப்பாடு பத்தாத இளைப்பு" என்றாள். வீட்டில் உருளைக்கிழங்கும் பார்லிக் கஞ்சியும்தான் வெந்தன. பாட்டி எவுலாலியாவிடம் கேட்டபோது பாட்டிக்குத்தான் ஆச்சரியமாக இருந்தது. "அவ்வளவு அழகா கட்டினதை யாராவது பிரிப்பாங்களாடி? நல்ல நாள்ல மனுஷங்க வீட்டுக்கு வெறுங்கையோட போறதா?"

அதனால் இந்த வருஷம் வேறு கூடை. ஷாம்பெயின் பாட்டிலை ரோசியோவிடம் கொடுத்து அவளுடைய பால் டப்பாக்களை வாங்கிக்கொண்டாள். தாத்தாவுக்குக் கீழ்ப்பல் இல்லை, கெட்டி மிட்டாய்களை எடுத்துவிட்டு ஓட்ஸ், மத்தி மீன், பால்கோவா மாதிரி கரையும் மஞ்சார் வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கெடுத்தாள். ஓட்ஸ் பையைக் கத்தரித்து ரப்பர் போட்டாள். டப்பாக்களை வாளித் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்தாள். பாட்டிக்கு வாங்கிய கம்பளிக் காலுறையை ஒரு நாள் போட்டு நடந்தாள். மஞ்சாரில் விரலை விட்டு நக்கினாள்.

"தியோதோமிரோ இதையும் வாங்கிக்குவாரு பாரு" என்றாள் ரோசியோ.

நீல்டா பனத்தோன் ரொட்டியை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தாள். தலையணை உயரத்துக்கு உப்பி, உலர்திராட்சை பதிந்து, பொன்னிறமாக இருந்தது. விலாவில் வாயை வைத்து ஒரு கடி கடித்தாள். ரோசியோ சிலுவை போட்டுக்கொண்டாள்.

மலைப் பேருந்தில் கூடையை மடியிலேயே வைத்திருந்தாள். வீட்டில் நுழைந்ததும் மேஜையின் நடுவில் வைத்தாள். தாத்தா தொப்பியைக் கழற்றினார். பாட்டி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். ரப்பர் போட்ட பையைத் தொட்டாள். வெறும் தகரமாக நின்ற டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சாரில் விரல் போன தடம் அப்படியே இருந்தது. தாத்தா ரொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பல் பதிந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

அவர்கள் கோபப்படுவார்கள் என்று நீல்டா நினைத்திருந்தாள். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள்.

"அங்க உனக்கு வயித்துக்குப் போடுறதில்லையா, கண்ணு?" என்றார் தாத்தா.

அவளுக்கு உடனே புரியவில்லை. பாட்டி ஏற்கெனவே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "இருக்குறதுலயே பெரிய கூயைப் பிடிச்சு அடிக்கிறேன்" என்றாள் திரும்பாமலே. மூலையில் கூய்கள், கொழுத்த கினிப்பன்றிகள், கீச்சிட்டு ஓடின. தாத்தா பொருள்களை ஒவ்வொன்றாகக் கூடைக்குள் திரும்ப அடுக்கினார். மேலே துணி போட்டுச் சுற்றிக் கட்டினார். "போகும்போது எடுத்துட்டுப் போ. பசியோட இருந்துட்டு எங்களுக்கு எதுக்கும்மா தூக்கிட்டு வர்ற?"

"தாத்தா, நான் வேணும்னுதான்..."

நிறுத்திக்கொண்டாள். நீங்கள் கொடுத்துவிடக் கூடாதென்றுதான் கடித்தேன் என்று சொல்லலாம். தன் பசிக்காகத்தான் இத்தனையும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு அவள் முன்னால் அவர் எதையும் தொடமாட்டார்.

துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

"பசிதான் தாத்தா. ஆனா தனியா உக்காந்து தின்னா இறங்க மாட்டேங்குது. அதான் ஒரு கடியோட நிக்குது."

தாத்தா பாட்டியைப் பார்த்தார். வந்தவரைத் தனியே சாப்பிட விடும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பாட்டி ஊதுவதை நிறுத்தினாள்.

நீல்டா ரொட்டியைப் பிட்டு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் மெல்லாமல் காத்திருந்தாள், கன்னம் உப்பிய நிலையில். அவர் எடுத்தார்.

பாட்டி ஒரு டப்பாவில் ஆணியால் துளை போட்டாள். உள்ளே பால்தான். வெந்நீரில் கலந்து மூன்று கோப்பைகளில் ஊற்றினாள். நீல்டா பேருந்து நின்ற இடத்தில் வயிறு முட்டச் சூப் குடித்திருந்தாள். இரண்டாவது துண்டையும் தின்றாள். அவரும் தின்றார். மூன்றாவதைப் பாட்டிக்குப் பாதி கொடுத்துத் தின்றாள். "இப்படியா பறக்கப் பறக்கத் தின்பா, பாவம்" என்று பாட்டி முணுமுணுத்தாள், தன் பாதியைப் பாலில் தோய்த்துக்கொண்டே.

வெளியே நாய் குரைத்தது. "கொம்பாத்ரே! பேத்தி வந்துட்டாளாமே?" தாத்தாவை அப்படிக் கூப்பிடும் தியோதோமிரோவின் குரல். பாட்டியின் கண் கூடையின் பக்கம் போயிற்று.

நீல்டா மிச்ச ரொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தொண்டையில் இடமே இல்லை. ஒரு துண்டு பிட்டாள்.

தாத்தா கதவைப் பார்க்கவில்லை. காலிக் கோப்பையைப் பாட்டியிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து. பிள்ளைக்குத் துணையா."

அவர் தாடையில் ஒரு உலர்திராட்சை ஒட்டியிருந்தது. அவர் மெல்ல மெல்ல அது ஏறி இறங்கியது.